இன்னும் திறந்து விடாத தண்ணீர்

1

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் திருவிழா மலருக்கு வெளியே போய்க் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது எழுத வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டாராம். தோஹாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவே, மூன்று பஸ் மாறினால் வந்துவிடுகிற திருவனந்தபுரத்திலிருந்து நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? பத்தாம் வகுப்போடு நின்றவள். செபமாலை சொல்லும்போதுகூட என் முறை வந்தால் குரல் உள்ளே போய்விடும். என்னிடம் போய்க் கேட்டிருக்கிறாரே என்று இரண்டு வாரம் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு காரியத்துக்காக எழுதலாம் என்று தோன்றியது. சென்ற ஐப்பசியில் என் மகள் ஷைனிக்குக் குழந்தை பிறந்தது. அதைப் பார்க்க என் அக்கா ரோசம்மாள் ஊரிலிருந்து வந்து போனாள். அந்த ஒரு நாளைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் எல்லாருக்கும் அக்காவைத் தெரியும் என்பதால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். "எழுதிக்கோ. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாத. நான் அழவே இல்ல" என்றாள். அது உண்மைதான். அவள் அழவில்லை.

2

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஆரியசாலைப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்குச் சாலையில் கயிற்றுக் கடை. கயிறு, தார்ப்பாய், வலைக்கு நூல். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். வந்தால் செய்தி கேட்பார், சாப்பிடுவார், படுப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க அங்கே வாய் ஓயாமல் பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச என்ன மிச்சமிருக்கும்?

எனக்குத்தான் பேச ஆள் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிரிக்கக் கூடாது. தமிழ் கேட்காத ஊர் இல்லை இது. கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழர்கள்தான். ஆனால் அது வியாபாரத் தமிழ்; சாமான் வாங்கியதும் முடிந்துவிடும். வலியசாலைக்குப் போனால் தெரு முழுக்கத் தமிழ் வீடுகள். அவர்கள் பேசுகிற தமிழ் வேறு. அதோடு மீன் வாசனையே ஆகாத வீடுகள். எனக்கு மீனைத் தவிரப் பேச என்ன தெரியும்? ஒரு தடவை அங்கே ஒரு மாமியிடம் பேச்சுவாக்கில் "சாளை மலிஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் பட்ட வெட்கம் மீன் வாங்குவதில்தான். வெளியே வளர்கிற நம் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நம் கரையில் வீட்டுக்கென்று யாரும் மீனை விலைக்கு வாங்குவதில்லை. அப்பன் வள்ளத்தில் மீன் இல்லாவிட்டால் சித்தப்பன் வள்ளம். அதுவும் இல்லையென்றால் யார் வள்ளமாவது கரையேறும்போது கூட நின்று ஒரு கை தள்ளிக் கொடுத்தால் போதும், "கறிக்கு எடுத்துக்கோ" என்பார்கள். ஆண் துணை இல்லாத வீட்டுக்கும் அப்படித்தான். காசு கொடுத்து மீன் வாங்குகிற வீடு என்றால், கடலுக்குப் போகவும் ஆள் இல்லை, கேட்டு எடுக்க உறவும் இல்லை என்று அர்த்தம். அநாதை வீடு என்று பேச்சு வரும்.

அப்படி வளர்ந்தவள் இங்கே வந்து, கூடையோடு வந்த வலியதுறை மீன்காரி முன்னால் நின்றேன். என்ன விலை என்று கேட்க வாய் வரவில்லை. அவள் சொன்னதைக் கொடுத்தேன். "பாண்டிக்காரி பாவம்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. இந்த ஊரில் தமிழர்களுக்கு அதுதான் பெயர். அன்றைக்கு அந்த மீனைச் சமைத்தேனே தவிர எனக்கு இறங்கவில்லை.

3

ஷைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் படித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் யாரோ அவளைப் பாண்டி என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் என்னோடு நடக்கும்போது, "அம்மா, இவிடெ வச்சு தமிழ் வேண்டா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். நானும் பேசாமல் நடப்பேன். இப்படி ஊமையாக நடந்து நடந்தே அவள் வளர்ந்துவிட்டாள்.

அவள் கல்லூரிக்குச் சேரும்போது சாதிச் சான்று வேண்டியிருந்தது. இங்கே ஆபீசில் போய் நின்றால், "உங்கள் பூர்வீகம் தமிழ்நாடு, அங்கே போய் வாங்குங்கள்" என்றார்கள். வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார். அங்கே ஆபீசில், "இருபது வருசமா கேரளத்துல இருக்கீங்க, அங்கேயே வாங்கிக்கோங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் போய் வந்த பஸ் டிக்கெட்டுகளை மேசை மேல் வைத்துவிட்டு, "ரெண்டு அரசாங்கமும் நம்மள அடுத்தவன் வீட்டுப் பிள்ளைங்குது" என்றார். சான்று இல்லாமலேயே படித்தாள். அதிலிருந்து யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் ஷைனி யோசிக்காமல் திருவனந்தபுரம் என்று சொல்வாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அப்படித்தான் சொன்னாள். நான் பக்கத்தில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மருமகன் பிஜு மலையாளத்துப் பையன். அவனும் வேதக்காரன், கோயில் ஒன்றுதானே என்று ஒத்துக்கொண்டோம். நல்ல குணம். என் தமிழுக்கு அவன் சிரித்ததே இல்லை. பேப்பர் படிப்பதுதான் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் என்று நான் விளையாட்டாகச் சொல்வேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பான்.

4

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தாயிற்று. பெண் குழந்தை. ஷைனிக்குப் பால் சரியாக இறங்கவில்லை. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகம் சிவந்து அழும். பிஜுவின் அம்மா லேகியம் கொண்டு வந்தார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தார்கள், உலுவாக் கஞ்சி வைக்கச் சொன்னார்கள். வெந்தயத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எல்லாம் செய்தோம்.

நம் பக்கத்தில் இதற்கு மருந்து பால்சுறாதான். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பிழிந்து, பூண்டைக் கைநிறையத் தட்டிப் போட்டுப் புட்டாகக் கிளறிக் கொடுப்போம். அதுவும் பிறந்த கரையிலிருந்து வர வேண்டும். பெற்றவளின் அம்மா கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் பெரியம்மா. ஷைனியைப் பெற்றபோது எனக்கு எங்கள் அம்மாதான் பனையோலைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் வாசனை தாங்காமல் கண்டக்டர் சண்டை போட்டதாகப் பெருமையாகச் சொன்னார்கள். இப்போது அம்மா இல்லை. ஷைனிக்கு நான் இங்கே இருக்கிறேன். என்னிடம் கரை இல்லை. அதனால் அது அக்காவின் முறை. புதன்கிழமை வருகிறேன் என்று அவளே போனில் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் இதை ஷைனியிடம் சந்தோசமாகச் சொன்னேன். "பெரியம்மா சுறா கொண்டு வாறா. ரெண்டு நாள் தின்னு பாரு, பால் சட்டையில வடியும்."

ஷைனி பிஜுவைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அம்மா, எனக்கு அது வேண்டா கேட்டோ" என்றாள்.

"ஏன்? மீன் திங்கப் பிடிக்கலயா?"

"மீன் ஓகே. அந்தக் கடல் மீன் வேண்டா. அவிடெ அணு உலை இல்லே? அந்தத் தண்ணி எல்லாம் கடல்லதான விடுவாங்க. நான் தின்னா பால்ல கூடி குஞ்ஞுக்குப் போகும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னது நம் ஊர்க் கடலை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. பிஜு ஒரு பழைய பேப்பரை எடுத்து வந்து காட்டினான். அதில் நம் கரையின் படம் போட்டு வட்டம் வட்டமாக வரைந்திருந்தது. "அம்மே, இவிடெந்நு வெள்ளம் எடுக்கும். உலையெத் தணுப்பிக்கும். பிந்நெ இவிடெ திரிச்சு விடும்" என்று விரலை வைத்துக் காட்டினான். உலையைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை எடுத்துத் திரும்ப விடுவார்களாம். உலைக்குள் அழுக்காகிற தண்ணீரையும் சுத்தம் பண்ணி, அளந்து, அந்த வெந்நீரோடு சேர்த்துக் கடலில் விடுவார்களாம். அளவு சரியாக இருந்தால் ஒன்றுமில்லை என்று ஒருவரும், அளவை யார் பார்ப்பது என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்களாம்.

"இப்பம் விடுதாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லா. பணி தீர்ந்நிட்டில்லல்லோ. இனி விடும்."

"இன்னும் கட்டி முடிக்கல்ல. பொறவு இப்பம் உள்ள மீனுக்கு என்ன?"

பிஜு பேப்பரை மடித்தான். ஷைனிதான் சொன்னாள். "விடும்போ நம்மளக் கூப்பிட்டுச் சொல்லிட்டா விடுவாங்க? நமக்கு எங்ஙனெத் தெரியும் அம்மா?"

அவள் சின்னப் பிள்ளைத்தனமாகப் பேசவில்லை. மடியில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு பேசினாள்.

5

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எண்பதுகளின் கடைசியில் ஒரு திருவிழாவுக்கு வந்திருந்தபோது, கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பேண்ட் போட்ட ஒருவர் வந்து, பயப்பட ஒன்றுமில்லை, கடலில் விடும் தண்ணீர் லேசான சூடாகத்தான் இருக்கும், கையை வைத்தால்கூடத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, "அப்பம் சோப்பும் குடுத்துருங்க சார், குளிச்சிருவோம்" என்று சத்தம் போட, முற்றமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. என் தோளில் இடித்து, "நம்ம கைக்குத் தெரியாட்டி என்னட்டி, மீனுக்குத் தெரியும்லா?" என்றாள். தண்ணி குளிர்ந்தால் மீன் கரையோரம் வரும், சூடேறினால் விலகிப் போகும். வள்ளத்திலிருந்து கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார் எங்கள் அப்பா. அக்கா அதை எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்கிறவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். கொஞ்ச வருடம் பேச்சே இல்லை. பிறகு திடீரென்று லாரிகள் வந்தன. அக்காவின் மகன் அந்தோணிக்கே அங்கே வேலை கிடைத்தது. கடலுக்குள் சுவர் எழுப்பக் கல் கொட்டுகிற இடத்தில் தினக்கூலி. அக்காவிடம் போனில் கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. "சம்மதமாவது? கல்லப் போட்டா கஞ்சி கெடைக்கு. வலையப் போட்டா சில நாளு கெடைக்கு, சில நாளு இல்ல" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அக்கரையில் நின்று கேட்பது சுலபம்.

6

செவ்வாய்க்கிழமை காலையில் முக்கு டெலிபோன் பூத்துக்குப் போய் ஊரில் அந்தோணியார் தெருக் கடைக்குப் போன் பண்ணினேன். அக்காவைக் கூப்பிடச் சொல்லி, மீன் கொண்டு வர வேண்டாம் என்று எப்படியாவது சொல்லிவிடுவது என்று நினைத்தேன். டாக்டர் கூடாது என்கிறார் என்று சொல்லலாம். இங்கே வந்து, வாசலில் வைத்து, தான் பெற்ற பிள்ளை போல நினைக்கிற தங்கை மகள் வேண்டாம் என்று சொல்வதை அவள் கேட்கக் கூடாது. நம் கடலை ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அக்காவுக்குக் கன்னத்தில் அறைவது மாதிரி. அவள் புருசனைக் கொடுத்த கடல் அது. பெரிய காற்றடித்த வருடம் அத்தான் போனவர் திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் அவள் அந்தக் கடலை ஒரு வார்த்தை வைது நான் கேட்டதில்லை.

கடைக்காரர், "ரோசம்மாளா? அவ நேத்தே பொறப்பட்டுப் போயிட்டாளே, உங்க வீட்டுக்கின்னு சொல்லிட்டு" என்றார்.

திங்கட்கிழமை புறப்பட்டவள் அன்றைக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. புதன்கிழமை என்றுதான் என்னிடமும் சொல்லியிருந்தாள். பிறகு ஏன் முந்தியே கிளம்பினாள்? நாகர்கோவிலில் உறவு வீட்டில் இருப்பாளா? அங்கே போன் கிடையாது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளையா அவ? வருவா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் அன்று முழுவதும் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன்.

புதன்கிழமை காலையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மழை. மூன்றாவது பஸ்ஸில் அக்கா இறங்கினாள். இடுப்பில் ஓலைப்பெட்டி, அதன் மேல் ஈரத் துணி. நல்லபடியாகத்தான் இருந்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எங்கக்கா போன? திங்கக்கிழமையே பொறப்பட்டியாமே?"

"ஏட்டி, எறங்கினதும் போலீசு மாதிரி கேக்காத. முதல்ல ஒரு சாயா வாங்கிக் குடு."

சாயாக் கடை ஓரத்தில் நின்றோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மனதில் தயாரித்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "அக்கா, ஷைனிக்கு வயிறு சரியில்ல. டாக்டரு வந்து, மீனு கொஞ்ச நாளைக்கு..."

அக்கா டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "பொய் சொல்லும்போ உனக்குக் காது செவக்கும். சின்னதுலேருந்தே. டாக்டரு சொன்னானா, பிள்ள சொன்னாளா?"

நான் முந்தானையை இழுத்துக் காதை மூடினேன்.

"பயப்படாத" என்றாள். "இது நம்ம கடல் மீன் இல்ல. முட்டத்துல வாங்குனது."

வாங்கினது என்றாள். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஈஸ்டருக்கு நாகர்கோவிலில் அத்தானின் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தாளாம். வழக்கம் போலப் பெட்டி நிறைய மீன். வாங்கி வைத்தார்களாம், சிரித்தார்களாம். மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் போனால் பூனை அதைத் தின்றுகொண்டிருந்ததாம். "அவ ஒண்ணும் கெட்டவ இல்லட்டி. 'அத்தை, பிள்ளைய இருக்கிற வீடு, அந்தக் கடல் மீன் வேண்டாம்னு அவங்கப்பா சொல்லுதாங்க'ன்னு காலப் புடிக்காத கொறயா சொன்னா. நாகர்கோயில்லயே இப்படின்னா உன் வீட்டுல படிச்ச மருமவன் வேற. அதான் திங்கக்கிழமையே கிளம்பி மேக்குக் கரைக்குப் போயி, முட்டத்துல கோயில் பக்கம் ஒரு தெரிஞ்ச வீட்டுல தங்கி, நேத்து வள்ளம் வந்ததும் சுறாவ வாங்கி, அங்கயே அவிச்சுக் கொண்டாந்தேன். மீனு கெட்டிருக்காது. மோந்து பாரு."

நான் மோந்து பார்த்தேன். கெட்டிருக்கவில்லை.

7

வீட்டில் அக்காவே அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். குழந்தையை மடியில் போட்டுக் காலை நீட்டி, "இது யாரு மூக்கு? இந்த மூக்கு நம்மள்ல யாருக்கும் கெடையாதே. மருமவனே, உங்க வீட்டு மூக்கா?" என்று பிஜுவை வம்புக்கு இழுத்தாள். அவன் பாதி புரிந்து மீதி புரியாமல் சிரித்தான். வெகு நாளைக்குப் பிறகு என் வீட்டில் சத்தம் இருந்தது.

புட்டைத் தட்டில் போட்டு ஷைனி முன்னால் வைத்தபோது நான் கதவோரம் நின்றேன். ஷைனி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பெரியம்மா, இது..." என்று இழுத்தாள்.

"முட்டத்து மீனு மக்கா. மேக்குக் கடலு. உங்க கடலும் அதும் ஒரே பக்கந்தான். தைரியமாத் தின்னு."

"ஓ, முட்டம்" என்றான் பிஜு. "எங்கில் குழப்பமில்லா." அவனுக்கு நிம்மதி. அதில் தப்பு ஒன்றுமில்லை.

ஷைனி சாப்பிட்டாள். முதலில் விரல் நுனியில், பிறகு கைநிறைய. "நல்லா இருக்கு பெரியம்மா" என்றாள். அக்காவின் முகம் மலர்ந்து போயிற்று. அது பாவனை இல்லை. பிள்ளை தின்கிறாள் என்பது மட்டும்தான் அப்போது அவளுக்கு.

"முட்டத்துல நமக்கு ஆளுண்டா?" என்று ஷைனி வாயில் புட்டோடு கேட்டாள்.

"ஆருமில்ல. வாங்குனேன்."

"எவ்வளவு?"

"அவ கேட்டதக் குடுத்தேன் மக்கா. எனக்கு வெல பேசத் தெரியுமா? அவ என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நீங்க எந்தக் கர?'ன்னு கேட்டா. நான் கரையே இல்ல, நாங்க உள்நாடு, விவசாயம்னுட்டேன்."

ஷைனி விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரியம்மா விவசாயம்!" பிஜுவும் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போவது போல அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அந்த வீட்டில் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஷைனிக்கு மீன் என்றால் கடையில் வாங்குவது. அதில் சிரிக்கத்தான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், ஊர் உலகமே வாங்குகிறது என்பார். பிறந்த நாள் முதல் கடலைப் பார்த்து வாழ்கிறவள், அத்தானைக் கடலில் விட்டவள், இன்னொரு கரையில் போய் நின்று தன் கரையை மறைத்து மீன் வாங்கியிருக்கிறாள். இதை யாரிடம் சொல்ல? அதற்காகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

8

அந்தோணிக்குச் சோறு பொங்க ஆள் இல்லை என்று அன்று மத்தியானமே கிளம்பிவிட்டாள். மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோகும்போது கேட்டேன். "வீட்டுல நீங்க நம்ம கடல் மீனத்தான திங்கிதிய?"

"பின்ன? வேற என்னத்தத் திங்க? கிளம்புன அன்னைக்கும் அந்தோணிக்குச் சாளை வச்சிட்டுத்தான் வந்தேன்."

"உனக்குப் பயமில்லையா அக்கா?"

பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இருக்கு. அது தண்ணி விட்ட பொறவுதான. விடுத நாள்ல இருந்து பயப்படுவோம்னு வச்சிருந்தேன். இந்தச் சனம் அதுக்கு முந்தியே பயந்துட்டு." பிறகு தானாகச் சிரித்தாள். "அந்தோணிக்குப் பொண்ணு பாக்கோம்ல. பொண்ணு வீட்டுக்காரன், பையனுக்கு உலையில வேலையா, நல்லதாப் போச்சுன்னு குதிக்கான். காப்பி குடுத்தான். நான் கொண்டுபோன கருவாட்ட மட்டும் வாசல்ல வச்சிட்டுப் போங்கன்னான். வேல நல்ல வேல, மீனு கெட்ட மீனு. இதுல எதன்னு நான் நம்ப?"

நான் சிரித்தேன். சிரித்ததற்கு என்னவோ போல இருந்தது.

அந்தத் தண்ணீர் விஷமா, வெறும் வெந்நீரா என்பது எனக்குத் தெரியாது. படித்தவர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். விடுகிற அன்று யார் வந்து நமக்குச் சொல்வார்கள் என்று ஷைனி கேட்டதும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. எங்கள் கரையில் இன்றைக்குப் பிடிக்கிற மீனில் என்ன குறை என்று அக்கா மனதுக்குள் கேட்டிருப்பதும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தத் தண்ணீர் இன்னும் கடலில் விழவில்லை. அதற்குள் நாகர்கோவில் கொல்லைக்கும் ஆரியசாலைச் சந்தில் என் வீட்டுக்கும் அது வந்துவிட்டது. கடலைத்தான் கெடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பஸ் புறப்படும்போது அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் காதைத் தொட்டாள். "செவப்பு ஆறிட்டு" என்றாள். பிறகு, "அடுத்த பேறுக்கும் நான்தான் கொண்டாருவேன். முட்டமோ கொளச்சலோ, எங்கயாவது போயி" என்றாள். வெறும் ஓலைப்பெட்டி அவள் மடியில் இருந்தது. பஸ் போன பிறகும் நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாலை வழியாக வீட்டுக்கு நடந்தேன். கயிற்றுக் கடையில் கூட்டமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

9

மறுநாள் வியாழக்கிழமை ஷைனிக்குப் பால் இறங்கியது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது. பிஜுவின் அம்மா வந்து பார்த்துவிட்டு, லேகியம் வேலை செய்துவிட்டது என்றார்கள். இருக்கலாம் என்று சொன்னேன். மிச்சமிருந்த புட்டை மத்தியானம் சூடாக்கிக் கொடுத்தேன்.